இருபத்துநான்காவது துவக்குக் கட்டை

நீராவிப்பிட்டி,
முல்லைத்தீவு.
12.09.2024

அன்புத் தங்கச்சி றஸ்மியாவுக்கு நானா ஜவாஹிர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் உன் மதினி பாத்தும்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நாஸிம் மச்சானின் சீனி வருத்தம் எப்படி? மகள் ஷிஹானாவுக்கு ஆறாம் மாதம் என்று மதினி சொன்னாள், பாரம் தூக்க விடாதே. மகன் இன்சாப் வேலைக்குப் போகிறானா?

நேற்று போனில் நான் "துவக்கு" என்று ஒரு சொல் சொன்னதும் நீ டக்கென்று வைத்துவிட்டாய். திருப்பி எடுத்தால் மச்சான் பேசுகிறார், "அந்தக் கதையெண்டா கடிதத்தில எழுதட்டாம் எண்டு அவ சொல்லுறா" என்று. இந்தக் காலத்தில் தங்கச்சிக்குக் கடிதம் எழுத முத்திரை வாங்கியவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான். தபாற்கந்தோரில் இருந்த பிள்ளை, "வேலைக்கு விண்ணப்பமோ ஐயா?" என்று கேட்டது. ஐம்பத்துநாலு வயதில்.

விசயம் இவ்வளவுதான். குளத்துக்குப் பின்னால் உள்ள வயல்களில் யானை வேலிக்குக் காவலாக இருபத்துநான்கு பேரை எடுத்திருக்கிறார்கள். அதில் பதினைந்து பேர் பெண்கள். அவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து இறக்கிய பழைய பட்டாளத் துவக்குகளைக் கொடுத்திருக்கிறார்கள். யானையைச் சுடுவதற்கு அல்ல, வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டுவதற்கு. எந்த நாட்டில் செய்ததோ தெரியாது, ஆறரை அடி ஆட்களுக்கும் பனிக்குளிருக்கும் செய்த சாமான். தோளில் வைக்கிற மரக்கட்டை அவ்வளவு நீளம். நம்முடைய பெண்கள் தோளில் வைத்தால் விரல் விசைக்கு எட்டாது. விரலை எட்ட வைத்தால் கட்டை கக்கத்துக்குள் போய்விடும். ஒரு மழைக்கு மரம் ஊதியும் விடுகிறதாம்.

வனசீவராசிக் காரியாலயத்து அதிகாரி என் மரக்காலைக்கு வந்து, கட்டைகளைக் குறைத்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். மரத்தை வெட்டுவதுதானே என் தொழில்? இதற்கு ஏன் நீ போனை வைக்கிறாய்?

மறு கடிதம் போடு. எல்லோருக்கும் சலாம்.

அன்பு நானா,
ஜவாஹிர்


ஆலங்குடா,
புத்தளம்.
24.09.2024

மரியாதைக்குரிய நானாவுக்கும் மதினிக்கும் றஸ்மியா எழுதிக்கொள்வது. வஅலைக்குமுஸ்ஸலாம்.

இங்கே எல்லோரும் சுகம். இவருக்குச் சீனி குறைந்திருக்கிறது. ஷிஹானா சாப்பிடுவதெல்லாம் திரும்பி வருகிறது, வேறொன்றுமில்லை.

ஏன் போனை வைத்தாய் என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு மறதியா, அல்லது தெரிந்துகொண்டே கேட்கிறீர்களா? 2019இல் தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு பொலிஸார் இன்சாபைக் கூட்டிக்கொண்டு போய் நாற்பத்திரண்டு நாள் வைத்திருந்தார்கள். எதற்காக? பள்ளிக்கூட நாடகத்துக்கு அவனே சீவிச் செய்த பலகைத் துவக்கின் படம் அவன் போனில் இருந்ததற்காக. பலகை, நானா! வெறும் தேக்கம் பலகை! அது நாடகத்துக்குச் செய்தது என்று தலைமை ஆசிரியர் போய்ச் சொன்ன பிறகும் முப்பது நாள் வைத்திருந்தார்கள். இன்றைக்கும் அவன் உளி தொட மாட்டான். தச்சு வேலையை விட்டு மீன் வாடியில் பெட்டி அடுக்குகிறான். உங்களைப் போல வருவான் என்று நினைத்த பிள்ளை.

நீங்களோ உண்மையான துவக்கை வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ளப் போகிறீர்கள். நாளைக்கு எங்கேயாவது ஒன்று வெடித்தால் முதலில் யாருடைய வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்? அந்த அதிகாரியா வந்து நிற்பார்? முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். முதிரைக் கட்டில் செய்யுங்கள், கதவு நிலை செய்யுங்கள், எத்தனையோ வேலை இருக்கிறது.

மதினி, நீங்களாவது சொல்லுங்கோ.

வஸ்ஸலாம்,
தங்கை றஸ்மியா


நீராவிப்பிட்டி
10.10.2024

அன்புத் தங்கச்சிக்கு, சலாம். மதினிக்கு முழங்கால் உளைவு, மற்றபடி சுகம். அங்கும் அப்படியே இருக்க துஆச் செய்கிறேன்.

முதலில் ஒன்று. என் வீட்டில் துவக்கு இல்லை. இரும்பெல்லாம் வேலிக் காவல் கொட்டிலில் இருக்கிறது. கழற்றிய மரக்கட்டைகளை மட்டும் அரிசிச் சாக்கில் போட்டு ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். பார்த்தால் உரல் உலக்கைச் சாமான் போல இருக்கிறது. இப்போது மூச்சு விடு.

இரண்டாவது, நீ சொன்னது சரி. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீ சொன்ன காரணத்துக்காக அல்ல.

ஒன்றரை அங்குலம் குறைக்கச் சொல்லி அதிகாரி அளவு தந்தார். மாதிரிக்கு ஒரு கட்டையை மட்டும் ஒன்றரை அங்குலம் குறைத்தேன். கொண்டுபோய்ப் பூட்டிப் பார்த்தால் ஒரு பெண்ணுக்கும் சரிவரவில்லை. யாருடைய கையில் அளவெடுத்தீர்கள் என்று கேட்டேன். தன்னுடைய கையில்தானாம். அந்த மனிதர் எங்கள் கதவு நிலையில் குனிந்துதான் உள்ளே வருவார். பிறகு ஒரு பட்டியல் வந்தது, இருபத்துநான்கு பேரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் பிறந்த திகதியும் போட்டு. கை நீளம் இல்லை. கை நீளம் வேண்டும் என்று கேட்டேன். அதற்குப் படிவம் இல்லையாம்.

கடைசியில் அவர்களையே மரக்காலைக்கு அனுப்பச் சொன்னேன். உன் மதினி தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, சட்டைக்கு அளவெடுப்பதுபோல ஒவ்வொருத்தியையும் கையை மடக்கச் சொல்லி முழங்கையிலிருந்து விரல்வரைக்கும் அளந்து கொப்பியில் எழுதினாள். ஒருத்தி, "அக்கா, கழுத்து வட்டமோ சதுரமோ?" என்று கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். அரசாங்கம் ஒரு மாதமாகச் செய்ய முடியாததை உன் மதினி ஒரு பின்னேரத்தில் செய்து முடித்தாள்.

இனி அடுத்த கூத்து. வெட்டிக் கழித்த துண்டுகளும் அரச சொத்தாம், எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டுமாம். சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். மரத்தூளையும் கேட்பார்களோ என்று அதையும் கூட்டி வைத்திருக்கிறேன்.

சொல்ல மறந்துவிட்டேன். வந்தவர்களில் ஆகக் குள்ளமானவள் தண்ணீரூற்றுக் கமலேஸ்வரி. உன்னோடு ஒரே வகுப்பில் படித்தவளாமே. "றஸ்மியா எங்க இருக்கிறா, எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டாள். சுகம் சொல்லச் சொன்னாள். பிள்ளை பாவம், துவக்கை நிமிர்த்திப் பிடித்தால் அவளுடைய மூக்குக்கு நிற்கிறது.

மறு கடிதம் எதிர்பார்க்கும்,
நானா


ஆலங்குடா
30.10.2024

நானாவுக்கும் மதினிக்கும் சலாம்.

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு துஆ. மதினியின் முழங்காலுக்கு இஞ்சி எண்ணெய் போட்டு, பழைய சீலையால் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

இங்கே வெங்காயம் நட்டாயிற்று. மழை கூடினால் அழுகிவிடும். ஷிஹானாவைப் பிள்ளைப்பேற்றுக்கு இங்கே கூட்டி வந்திருக்கிறேன்.

வேறு எழுதுவதற்கில்லை.

றஸ்மியா


நீராவிப்பிட்டி
21.11.2024

அன்புள்ள தங்கச்சி அறிவது. சலாம். இருவரும் சுகமாக இருக்கிறோம். ஷிஹானாவுக்கு நாள் நெருங்குகிறதால் ஒவ்வொரு தொழுகையிலும் நினைத்துக்கொள்கிறோம்.

நீ போன முறை எழுதியது கடிதமா, காலநிலை அறிக்கையா? நான் நாலு பக்கம் எழுதினேன். நீ வெங்காயத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். கோபமென்றால் கோபம் என்று எழுது.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஒழுங்காகச் சீவிப் பூட்டிய எட்டுக் கட்டைகள் ஊதி, இரும்போடு இறுகிவிட்டன. ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் வேறென்ன நடக்கும்? "மரக்காலைக்காரரின் வேலை தரமில்லை" என்று காரியாலயத்திலிருந்து கடிதம். நான் திரும்ப எல்லாவற்றையும் இறக்கி, காய வைத்து, எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். வந்த மரம் என்ன மரமென்றே எனக்குத் தெரியவில்லை. நம் முதிரை என்றால் கோடைக்கும் மாரிக்கும் ஒரே மாதிரி நிற்கும். முதிரையில் புதிதாகச் செய்யட்டுமா என்று கேட்டேன். வெளிநாட்டுச் சாமானில் உள்ளூர் மரம் போட அனுமதியில்லையாம். யானை மட்டும் உள்ளூர்.

கமலேஸ்வரி இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டாள், "றஸ்மியா ஏதும் எழுதினவவோ அண்ணை?" என்று. இல்லை என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஒரு வரி எழுதினால் உன் மை தீர்ந்துவிடுமா? அவளுக்கும் உனக்கும் ஏதும் இருந்ததா? இருந்தால் சொல். இல்லாவிட்டால் அவளுக்கு ஒரு சலாம் சொல்.

எல்லோருக்கும் சுகம் கேட்டதாகச் சொல்லவும்.

நானா ஜவாஹிர்


ஆலங்குடா
05.01.2025

அன்புள்ள நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஷிஹானாவுக்கு ஆண் பிள்ளை கிடைத்ததை இவர் போனில் சொல்லியிருப்பார். தாயும் பிள்ளையும் சுகம். ஆறு வாரமாக எழுதாததற்குப் பிள்ளையைக் காரணம் சொல்லலாம். பொய் சொல்ல விருப்பமில்லை. உங்கள் கடிதம் அலுமாரிக்குள் இருந்தது. ஒவ்வொரு நாளும் எடுத்து வைத்தேன்.

கேட்டீர்கள், சொல்கிறேன். இவருக்கும் தெரியாது.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நீங்கள் மரம் ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் போயிருந்தீர்கள். அதனால் இயக்கக்காரர் துவக்கோடு வந்து முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரை விட்டுப் போகச் சொன்ன அன்று நீங்கள் எங்களோடு இல்லை. ட்ரக்டரில் ஏறி வந்தோம். நெடுங்கேணி றோட்டில் ஒரு சந்தியில் இறக்கி வரிசையாக நிறுத்தினார்கள். பெண்களைச் சோதிக்கப் பெண் பிள்ளைகள் நின்றார்கள். எங்கள் வரிசையில் நின்றவள் கமலேஸ்வரி. இயக்கத்துக்குப் போய்விட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் கதை வந்து ஒரு மாதமும் ஆகியிருக்காது.

நானா, அவளும் நானும் ஏழு வருடம் ஒரே வாங்கில் இருந்தவர்கள். வகுப்பில் இரண்டு பேரும்தான் குள்ளம், அதனால் முன்வாங்கு எங்களுக்கு. என் கணக்குக் கொப்பி பாதி அவளுடைய கையெழுத்து. உம்மா அவிக்கிற வட்டிலப்பத்தில் அவளுக்கென்று ஒரு துண்டு தனியாகப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டித் தருவார்.

அவள் என்னை நேரே பார்த்தாள். பார்த்து, "உன்ர பேர் என்ன?" என்று கேட்டாள்.

திரும்பவும் கேட்டாள். பக்கத்து வரிசையிலிருந்து வாப்பாதான் சொன்னார், "றஸ்மியா, பிள்ளை. உமக்குத் தெரியுந்தானே" என்று. அவள் வாப்பாவையும் பார்க்கவில்லை. பையைத் திறக்கச் சொன்னாள். உம்மாவின் மாலையும் என் தோடும் போயின. அதை நான் நினைக்கவே இல்லை. அன்று எல்லோருக்கும் போனது. வீடு போனது, வாப்பாவின் மரக்காலை போனது. அதையெல்லாம் ஒரு மாதிரித் தாங்கிக்கொண்டேன். பேர் கேட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முப்பத்துநான்கு வருடமாகிறது. இன்றும் ஏதாவது ஒரு கந்தோரில் யாராவது "பெயர்?" என்று கேட்டால் அடையாள அட்டையைத்தான் நீட்டுவேன், வாயால் சொல்வதில்லை.

இப்போது அவள் சுகம் விசாரிக்கிறாள். பிள்ளைகள் எத்தனை என்று கேட்கிறாள்.

உங்களிடம் நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. வேலையை விடச் சொன்னேன், நீங்கள் விடவில்லை. சரி, செய்யுங்கள். இருபத்துமூன்று பேருடையதையும் அளவாக வெட்டிக் கொடுங்கள். அவளுடையதை வெட்டாதீர்கள். அந்தத் துவக்கு அவளுக்குப் பொருந்த என் நானாவின் கை உதவ வேண்டாம்.

வஸ்ஸலாம்,
றஸ்மியா


நீராவிப்பிட்டி
18.01.2025

தங்கச்சி றஸ்மியாவுக்கு, சலாம். பேரப்பிள்ளைக்கு என் முத்தம். நாங்கள் சுகம்.

உன் கடிதத்தை மதினியிடம் காட்டவில்லை. மூன்று தரம் வாசித்தேன். இத்தனை வருடமும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ. சொல்லியிருந்தால் அன்றைக்கு அவளை மரக்காலைக்குள் விட்டிருப்பேனா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

கோபத்தையும் எழுதிவிடுகிறேன். யானைக்குத் தொண்ணூறாம் ஆண்டு தெரியாது, தங்கச்சி. அறுவடை வருகிறது. நேற்றும் மூன்று வேலிக்கட்டையைப் பிடுங்கிவிட்டுப் போயிருக்கிறது. அவள் நிற்பது குளக்கட்டின் மூலையில், ஆகப் பொல்லாத இடம். இப்படி ஒன்றை நீ கேட்டால் நான் என்ன செய்வேன்? மாட்டேன் என்று சொன்னால் நீ இனி எழுதமாட்டாய். சரி என்று சொன்னால் எனக்கு நித்திரை இல்லை.

சரி என்று வைத்துக்கொள். கட்டையில் வெடிப்பு இருக்கிறது, வெட்டினால் பிளந்துவிடும் என்று அவளிடம் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெடிப்பு எங்கே என்று கேட்கவில்லை. "பரவாயில்லை அண்ணை, நான் சமாளிப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முப்பது வருடத் தொழிலில் மரத்தைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அது.

மற்ற இருபத்துமூன்றும் முடிந்தது. வேறு விசேடம் இல்லை.

நானா


நீராவிப்பிட்டி
13.02.2025

அன்புள்ள மதினி றஸ்மியாவுக்கு பாத்தும்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகமென நம்புகிறேன். பேரப்பிள்ளையின் படம் பார்த்தேன், நெற்றி அப்படியே உங்கள் வாப்பாதான்.

உங்கள் நானா இதை எழுதமாட்டார், அதனால் நான் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் எல்லாம் நல்லது, எல்லாம் சுகம் என்று உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் நல்லதில்லை.

அதற்கு முதல் வியாழக்கிழமை, சுபஹு தொழுது வெளிச்சம் வருகிற நேரம், குளக்கட்டு மூலையால் தனியன் யானை இறங்கியிருக்கிறது. கமலேஸ்வரி முதலில் யானை வெடி கொளுத்தியிருக்கிறாள், பனியில் நனைந்து புகைந்ததே தவிர வெடிக்கவில்லை. பிறகு துவக்கைத் தூக்கியிருக்கிறாள். கட்டை தோளுக்கு வரவில்லை. கக்கத்துக்குக் கீழே இடுக்கிக்கொண்டு சுட்டிருக்கிறாள். அது உதைத்த உதையில் கட்டிலிருந்து வாய்க்காலுக்குள் விழுந்து தோள் எலும்பு உடைந்துவிட்டது. யானை அவள் விழுந்த இடத்துக்குப் பத்துப் பாகத்தில், அறுபது அடியில் நின்றதாம். பரமேஸ்வரன் என்று அவர்களுடைய குழுத்தலைவர், அவரும் இன்னும் இருவரும் ஓடிவந்து சுட்டபிறகுதான் திரும்பியது. போகிற போக்கில் சிவராசாவின் அரை ஏக்கர் நெல்லைத் துவைத்துவிட்டது. அல்லாஹ்தான் அவளைக் காப்பாற்றினான்.

நான் ஆசுபத்திரிக்குச் சோறு கொண்டுபோனேன். அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. "கட்டை வெடிச்சிருந்ததாலதான் அண்ணை வெட்டேல்லை" என்று எனக்கே காரணம் சொன்னாள். எனக்கு அது புதுக் கதை. ஏனென்றால் அவளுடைய கை அளவு என் கொப்பியில் முதல் வரியில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து இவரைக் கேட்டேன். சீவுளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் சாப்பிடவில்லை.

நேற்று இவருடைய சேட்டைத் துவைக்க எடுத்தபோது பையில் உங்கள் கடிதம் இருந்தது. வாசித்துவிட்டேன், மன்னியுங்கோ. உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் அந்த றோட்டால் வந்தவள்தான். ஆனால் மதினி, அவளுக்கு அளவெடுத்தது என்னுடைய கை. அளவெடுத்தவளுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

முழங்கால் இப்போது பரவாயில்லை.

பாத்தும்மா


ஆலங்குடா
21.02.2025

நானாவுக்கும் மதினிக்கும் அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. சுகமாக இருக்கவே வெட்கமாக இருக்கிறது.

மதினியின் கடிதம் கிடைத்தது. நானா, உங்களைக் கேட்கிறேன். நான் இத்தனை வருடமாகச் சொன்ன எதை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்? ஊருக்குத் திரும்பிப் போகவேண்டாம் என்றேன், போனீர்கள். பழைய காணியிலேயே மரக்காலை போடவேண்டாம் என்றேன், போட்டீர்கள். துவக்கு வேலை வேண்டாம் என்றேன், எடுத்தீர்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த ஒன்றைத்தான் கேட்கவேண்டுமா? "போடி விசரி" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். வெட்டிவிட்டு, வெட்டவில்லை என்று எனக்குப் பொய் சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்ல வேண்டிய பொய்யை அவளுக்குச் சொன்னீர்கள்.

தப்பு என்னுடையது. அதை எழுதாமல் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என்ன நினைத்தேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. அவளுக்கு ஏதோ ஒன்று பொருந்தாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அவளுடையதை வெட்டிக் கொடுங்கள். ஏன் முன்பு வெட்டவில்லை என்ற காரணத்தையும் அவளிடம் சொல்லிவிடுங்கள். வெடிப்பு என்ற கதையை நம்பிக்கொண்டு அவள் இருக்கக் கூடாது.

மதினி, கொப்பியின் முதல் வரியை நானாவுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கோ.

றஸ்மியா


நீராவிப்பிட்டி
14.03.2025

அன்புள்ள தங்கச்சிக்கு, நோன்புடன் எழுதுகிறேன். சலாம். வெயில் கடுமை, ஆனாலும் இருவருக்கும் நோன்பு தவறவில்லை. மச்சான் சீனிக்கு மருந்து போட்டுக்கொண்டு நோன்பு பிடிக்கிறாரா? பிடிக்கவேண்டாம் என்று சொல்.

நீ வெட்டச் சொன்னாய். அதற்குள் இங்கே நடந்ததைக் கேள்.

கமலேஸ்வரி விழுந்ததால் விசாரணைக்கு ஒரு குழு வந்தது. துவக்குகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தார்கள். கட்டைகளைக் குறைக்க எழுத்தில் உத்தரவு எங்கே என்று கேட்டார்கள். உத்தரவு அந்த அதிகாரி வாயால் சொன்னது. அவர் இப்போது மாற்றலாகிப் போய்விட்டார். ஆகவே இருபத்துமூன்று துவக்குகளும் "சேதப்படுத்தப்பட்டவை" என்று எழுதினார்கள். வெட்டாத ஒன்று, அவளை வாய்க்காலுக்குள் தள்ளியது, அது மட்டும் "நல்ல நிலையில் உள்ளது". சேதமான இருபத்துமூன்றையும் என்ன செய்வது என்று பரமேஸ்வரன் கேட்டார். புதியவை வரும்வரை அவற்றையே பாவிக்கலாமாம். நல்ல நிலையில் உள்ளதில் யாரும் கை வைக்கக் கூடாதாம். அவள் குணமாகி வந்ததும் அவள் பெயரிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

அரச சொத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம். மூன்று பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். துண்டுகள் வைத்திருந்த சாக்கையும் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அதைப் பொறுப்பேற்க அங்கே ஆளில்லையாம். திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நான் வெறுத்துப்போய் இருந்த நேரம் பரமேஸ்வரன் சைக்கிளில் ஒரு சாக்கோடு வந்தார். உள்ளே அவளுடைய கட்டை. "அண்ணை, வெட்டுங்கோ. கேட்டா நான் வெட்டினது எண்டு சொல்லுறன். திரும்ப அவவை இதோட அங்க விட்டிட்டு என்னால நிக்கேலாது." நான் வெட்டினதை அவர் வெட்டினதாகச் சொல்ல விடமாட்டேன் என்றேன். இருவருடைய பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்து, புது அதிகாரி கேட்டால் கொடுக்க ஒரு தாளை வைத்துக்கொண்டோம். வருவது வரட்டும்.

கமலேஸ்வரியை அழைத்தேன். கை கழுத்தில் தொங்குகிறது. மதினி நல்ல கையை மடக்கச் சொல்லித் திரும்ப அளந்தாள், கொப்பியில் இருந்த அதே அளவுதான். வெட்டுவதற்கு முதல் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெடிப்பு இல்லை என்று. நீ கேட்டாய், நான் வெட்டாமல் விட்டேன் என்று. ஏன் கேட்டாய் என்று.

முழுதையும் கேட்டாள். அழவில்லை. பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஓம் அண்ணை, கேட்டனான். பேர் தெரியாமல் இல்லை. எனக்குத் துவக்கு தந்து மூண்டு நாள். அது என்னை விட நீளம், நிலத்தில இடிபடாமல் பிடிக்கவே ரெண்டு கையும் காணாது. றஸ்மியா என்னைப் பார்த்த பார்வையில சிரிக்கப் போறா எண்டு தெரிஞ்சுது. அவ சிரிச்சா நானும் சிரிச்சிருப்பன். அங்க நிண்டு சிரிக்கேலாது. அதுதான் பேரைக் கேட்டனான். ரெண்டாந்தரம் ஏன் கேட்டனான் எண்டு எனக்குத் தெரியாது."

மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். "அதை நீங்கள் சொல்லிக் காணாது, நான்தான் சொல்லவேணும்" என்றாள்.

இரண்டேகால் அங்குலம் குறைத்தேன். எண்ணெய் ஊறிக்கொண்டிருக்கிறது.

நானா


ஆலங்குடா
27.03.2025

அன்புள்ள நானாவுக்கும் மதினிக்கும் றஸ்மியாவின் சலாம். இன்னும் மூன்று நான்கு நோன்புதான். பெருநாளைக்குச் சுகத்தோடு சேர அல்லாஹ் கிருபை செய்யட்டும். இவர் நோன்பு பிடிக்கவில்லை, வைத்தியர் தடுத்துவிட்டார், அதனால் வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுகிறார்.

நானா, உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு எனக்கு வந்தது ஆத்திரம்தான். இவ்வளவுதானா? முப்பத்துநான்கு வருடமாக நான் எத்தனை காரணம் யோசித்து வைத்திருந்தேன். வெறுப்பு என்று நினைத்தேன். எங்களை ஒருநாளும் அவளுக்குப் பிடித்ததில்லை என்று நினைத்தேன். மேலிடத்தில் நல்ல பெயர் எடுக்கப் பார்த்தாள் என்று நினைத்தேன். அவள் என்னவென்றால், சிரிப்பு வந்துவிடும் என்று கேட்டாளாம். பதினாறு வயதுக் கழுதை. இதற்கா நான் ஒவ்வொரு கந்தோரிலும் பெயரைச் சொல்லாமல் அட்டையை நீட்டிக்கொண்டு நின்றேன்?

அன்று முழுதும் வெங்காயம் பிடுங்கினேன்.

ஒன்றை உங்களுக்கு எழுதவில்லை. அன்று அந்த வரிசையில், அவள் என்னைப் பார்க்க முதல் நான் அவளைப் பார்த்துவிட்டேன். தொப்பி காதுவரை இறங்கியிருந்தது. துவக்கின் அடி மண்ணில் கோடு போட்டுக்கொண்டு வந்தது. நான் உம்மாவின் கையைப் பிடித்து, "உம்மா, அங்க பாருங்கோ, நம்மட கமலா" என்று சொன்னேன். காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தவள், அவளைக் கண்டதும் இனி ஒன்றும் நடக்காது என்று நினைத்தேன். ஓம், சிரிக்கத்தான் போனேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். அவளும் உங்கள் வழியாகக் கேட்கவில்லை, அது நல்லது. நானும் அவளிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அதையும் உங்கள் வழியாக அனுப்ப முடியாது.

இன்சாபிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துவக்குக் கதையை வீட்டுக்குள் நானே வாய் திறந்து சொன்னதைக் கேட்டு அவன் பயந்துவிட்டான். பிறகு, "அந்த மரம் என்ன மரமாம்?" என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றேன். ஒரு துண்டு கொண்டுவந்தால் பார்த்துச் சொல்வானாம்.

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் அவனோடு வருகிறேன். வவுனியாவில் பஸ் மாறி, பின்னேரம் வந்துவிடுவோம். இரண்டு நாள் நிற்பேன். மதினி எனக்காக ஒன்றும் சமைக்க வேண்டாம். அவருடைய முகத்தைப் பார்க்கத்தான் எனக்குப் பயம்.

கமலேஸ்வரியின் தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். சுகமென்றால் அங்கே வரச் சொல்லுங்கள். இன்னும் சுகமில்லையென்றால் அலைய வைக்க வேண்டாம், வீட்டைக் காட்டுங்கள், நான் போகிறேன்.

வஸ்ஸலாம்,
றஸ்மியா